சிவப்புச் சாக் ஓவியத்தில் ஈரத்துணி வைக்காதீர்கள்

பழைய காகித ஓவியங்களைச் சீர்செய்வது என் வேலை. சில நாள் முன்பு ஒருவர் சட்டம் போட்ட சிவப்புச் சாக் ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார். முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு ஆண். தோள்பட்டைக்குக் கீழே அழுக்காக இருக்கிறது என்று சட்டம் போடும் கடையில் ஈரப்பஞ்சால் துடைத்திருக்கிறார்கள். அது அழுக்கில்லை, ஓவியர் விரலால் தேய்த்து வைத்த நிழல். இப்போது அங்கே வெளிறிய சிவப்புத் திட்டு மட்டும் இருக்கிறது.

இந்தச் சாக், இரும்பு ஆக்சைடு கலந்த களிமண். நம் காவிக்கல்லுக்கு நெருங்கிய சொந்தம். மண்ணிலிருந்து வெட்டியெடுத்து, கூராகச் சீவி வரைவார்கள். சதையின் சூடு அந்த நிறத்திலேயே இருப்பதால், 17ஆம் நூற்றாண்டு ரோமில் மாடலை உட்காரவைத்து உடல் வரையப் பழகியவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. இத்தாலியச் சிற்பி பெர்னினி அப்படி வரைந்த ஆண் உடல்களை ஃப்ளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. நிழலுக்குச் சிவப்பு, வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளைச் சாக், நடுவில் தாளின் நிறம். எவ்வளவு பார்த்தாலும் எனக்கு அலுக்காத முதுகுகள் அவை!

இரும்பு ஆக்சைடு வெயிலில் வெளுக்காது. அந்தத் தைரியத்தில் பலர் ஜன்னலுக்கு எதிரே மாட்டிவிடுகிறார்கள். ஆனால் தாள் பழுக்கும், நிறங்களின் சமநிலை கெட்டுவிடும். அப்புறம், பொடி தாளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஈரம் பட்டால் நகரும்.

இதை அந்தக் காலத்து ஓவியர்களே பயன்படுத்திக்கொண்டார்கள். வரைந்ததன் மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தினால், இடவலம் மாறிய வெளிறிய நகல் கிடைக்கும். அதே 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் குவெர்ச்சீனோவின் ஓவியங்களிலிருந்து இப்படி ஒற்றியெடுத்த தாள்கள் இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டைத் தொகுப்பில் நிறைய உண்டு. எனவே கோடுகள் மங்கி, பொடியின் சொரசொரப்பு இல்லாமல், எல்லாரும் இடதுகையில் வாள் பிடித்திருந்தால் உடனே போலி என்று ஒதுக்காதீர்கள். அது ஒற்றுநகலாக இருக்கலாம்.

சட்டத்துக்குக் கண்ணாடி போடுங்கள். சாதாரண அக்ரிலிக் தகட்டில் நிலைமின்சாரம் ஏறிப் பொடியை இழுத்துவிடும். கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி அமிலமில்லாத அட்டை வேண்டும். நிறம் உதிராமலிருக்கத் தெளிக்கும் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், சிவப்பு கருத்துப்போகும்.

அந்தத் தோள்பட்டைக்குப் புதிதாகச் சாக் பூசித் தரச் சொன்னார் உரிமையாளர். மறுத்துவிட்டேன். பின்னால் ஒட்டியிருந்த பழுப்பு டேப்பை மட்டும் எடுத்து, தாளைச் சமன்செய்து கொடுத்தேன்.