சிங்கி பிடிக்கப் போய்க் காதைக் கிழித்துக்கொண்டவர்கள்

விடுமுறை முடிந்த திங்கட்கிழமைகளில் பாளையங்கோட்டையில் காது டாக்டரான என் அறைக்கு வெளியே காதில் பஞ்சு அடைத்த இளவட்டம் ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். பஞ்சைப் பார்த்ததுமே நான் கேட்பது ஒன்றுதான்: "உவரியா, இடிந்தகரையா?" இரண்டும் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்கள்; சிங்கி இறால் பிடிக்கப் பையன்கள் மூச்சடக்கி இறங்கும் இடங்கள்.

போன பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்த ஒரு தம்பியை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். "கடல்ல சும்மா குளிச்சேன்னு சொல்லுதான் சார். ராத்திரி பூரா தூங்கல. பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விட்டேன்." கருவியை வைத்துப் பார்த்தால் செவிப்பறையின் கீழ்ப்பாதியில் ஒரு கிழிசல், ஓரத்தில் காய்ந்த ரத்தம், அதன் மேல் எண்ணெய்ப் பளபளப்பு. சவ்வு கிழிந்த காதில் எண்ணெய் விட்டால் அது நேரே நடுச்செவிக்குள் போகும். நெல்லைச் சீமையில் காதுவலிக்கு முதல் மருந்து எண்ணெய்தான் என்பதை முப்பது வருஷமாக என்னால் மாற்ற முடியவில்லை.

அம்மா மருந்துச் சீட்டோடு வெளியே போனதும் பையன் உண்மையைச் சொன்னான். "நாலு பாகம் இருக்கும் சார். பார் இடுக்குல மீசை தெரிஞ்சுச்சு. காது வலிச்சுது, இன்னும் கொஞ்சம்தானேன்னு போயிட்டேன்."

அந்த 'இன்னும் கொஞ்சம்' எனக்கு நன்றாகப் பழக்கம். சிங்கி இறால் பகலில் பார் என்னும் கடலடிப் பாறையின் இடுக்குக்குள் பதுங்கிக்கொண்டு மீசையை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். நண்டு மாதிரிக் கொடுக்கு கிடையாது, உடம்பெல்லாம் முள். கை நீட்டினால் வாலை ஒரு அடி அடித்துப் பின்னால் போய்விடும். அதனால்தான் ஆள் அங்கேயே நிற்கிறான்.

நாலு பாகம் என்றால் ஏழு மீட்டர் சுமார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று சுருங்க, சவ்வு உள்ளே இழுபடும். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் வழியாக நாம் காற்றை அனுப்பிச் சமன் செய்ய வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாக ஊதுவது அதற்குத்தான். வலி வந்த பிறகு ஊதக் கூடாது, வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஊத வேண்டும். முதல் சில மீட்டரில்தான் காது அதிகம் அடிபடும் என்பது பலருக்குத் தெரியாது. அடைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலலாம். முக்கி ஊதினால் உள்செவியே கிழியலாம். சளி பிடித்திருக்கும்போது இறங்கவே கூடாது. மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம். ஆழத்தில் மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியிருக்காது.

சவ்வு கிழிந்ததும் உடல் சூட்டைவிடக் குளிர்ந்த கடல்நீர் உள்ளே புகும். உடனே தலை கிறுகிறுவென்று சுற்றும். மேல் எது கீழ் எது என்று தெரியாது. அப்போது வாயிலிருந்து குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும், அதுதான் மேல். அந்தத் தம்பி குமிழியைப் பார்க்கவில்லை, கூட இருந்தவன் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

நீச்சல் குளத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கியவர்கள் கண் முழுக்கச் செக்கச்செவேல் என்று வருவார்கள். மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடியாக இருந்தால்தான் உள்ளே காற்று விட முடியும்.

காது போனவன் என்னிடம் வந்துவிடுகிறான். மூச்சு போனவன் வருவதில்லை. அதனால் என் துறையைத் தாண்டி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறங்குவதற்கு முன் வேகவேகமாக இருபது முப்பது தடவை மூச்சை இழுத்து விட்டால் அடியில் அதிக நேரம் இருக்கலாம் என்று பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நேரம் கூடுவது நிஜம்தான். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிவிடவில்லை. கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். 'மேலே போ' என்று நெஞ்சை முட்டவைப்பது அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். முட்டல் வராததால் ஆள் சுகமாகச் சிங்கியைத் துரத்திக்கொண்டிருப்பான். மேலே ஏறும்போது அழுத்தம் குறையக் குறைய, மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் மூளைக்கு எட்டாமல் போகும். கடைசி இரண்டு மூன்று மீட்டரில் சத்தமே இல்லாமல் மயங்குவான். கைகால் உதைக்க மாட்டான், கூப்பிட மாட்டான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் போகிறார்கள்.

என்னிடம் காது மந்தத்துக்கு வரும் ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "நாங்க இறங்கையில மேல ஒருத்தன் கயித்தைப் புடிச்சிருப்பான் சார். முத்துக் குளிச்ச காலத்துல அது மச்சானாத்தான் இருக்கணும்னு எங்க தாத்தா சொல்லுவாவ. அக்கா தாலிய நெனச்சுட்டாவது கயித்தை விடமாட்டாம்லா?" ஒருவன் இறங்கும்போது ஒருவன் மேலேயே இருந்து பார்க்க வேண்டும், மேலே வந்த பிறகும் அரை நிமிஷம் கண்ணை எடுக்கக் கூடாது என்று இன்றைய மூச்சடக்கிப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதுதான். ஆளுக்கொரு பார் பிரித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினால் அது துணை இல்லை.

இந்த மோகம் பாதி யூடியூபில் வந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜூலை கடைசியில் பொதுமக்களுக்கென்றே இரண்டு நாள் சிங்கி வேட்டை உண்டு. வீடியோவில் பிடித்த சிங்கிதான் தெரியும். உரிமம், அளவுகோல், ஆளுக்கு இத்தனை என்ற கணக்கு, படகுகள் விலகிப்போக மேலே கட்டும் சிவப்புக்கொடி இதெல்லாம் தெரியாது. நம் பக்கம் ஃபைபர் படகு மோட்டாரோடு தலைக்கு மேலே போகும்; மஞ்சள் கேன் ஒன்றையாவது கயிற்றில் கட்டி மிதக்கவிடுங்கள்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் டியூப் மாட்டிக்கொண்டு இறங்கியதாக ஒருவன் பெருமையாகச் சொன்னான். அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், இரண்டு மீட்டரில்கூட நுரையீரல் கிழியும். மோட்டார் புகை உள்ளே இழுபட்டால் கார்பன் மோனாக்சைடு. இதற்கு மேல் விளக்க எனக்கு மனசில்லை.

கையுறை போடுங்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. முள் குத்திய சின்னக் காயம் மறுநாளே வீங்கிக் கொப்புளித்தால், அதிலும் சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவர் என்றால், மஞ்சள் அப்பிக்கொண்டு இருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அதே போல, காதில் இரைச்சலும் செவிட்டுத்தன்மையும் விடாத தலைச்சுற்றலும் இருந்தால் அன்றைக்கே வாருங்கள், திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். குடித்துவிட்டும், கள்ளக்கடல் (திடீரென்று பொங்கி வரும் பெரிய அலை) எச்சரிக்கை வந்த நாளிலும் இறங்கவே வேண்டாம்.

பிடித்ததைத் திருப்பிப் பாருங்கள். வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து இருந்தால் அது லட்சக்கணக்கான குஞ்சுகளின் தாய். அந்த இடுக்கிலேயே விட்டுவிடுங்கள். நம் கரையில் அதிகம் கிடைக்கும் வகையில் 200 கிராமுக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு 2003-லேயே விதி வைத்துவிட்டது. வீட்டுக் குழம்புக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாமா?

அந்தத் தம்பி இரண்டு மாதம் தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் வாசலின் தடவிய பஞ்சை வைத்துக் காதைக் காப்பாற்றினான். சவ்வு தானாக மூடிவிட்டது. போன வாரம் வந்து உட்கார்ந்ததும், "இனி இறங்கலாமா சார்?" என்றான். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதச் சொல்லிவிட்டுக் கருவியில் பார்த்தேன். வலது சவ்வு சின்னப் பாய்மரம் மாதிரி வெளியே புடைத்து அடங்கியது. கிழிந்திருந்த இடது சவ்வு அசையவே இல்லை.

அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன்.