கிளிசரின் சவரச் சோப்பு: நுரையைத் தாங்குவது எது?

பிரஷ், பிளேடு மாட்டும் உலோக ரேசர் என்று பழைய முறைச் சவரத்துக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் சோப்புதான். ஒருபக்கம் ஒளி ஊடுருவும் பச்சை, நீல வில்லைகள். அட்டையில் ‘கிளிசரின்’ என்று பெரிய எழுத்து. இன்னொரு பக்கம் வெளிர்மஞ்சள் நிறத்தில் மங்கலான கட்டிகள். முதல் வகையில் மட்டும்தான் கிளிசரின் இருக்கிறது, நல்ல நுரைக்குக் காரணமும் அதுதான் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. இந்த இரண்டு எண்ணங்களுமே சரியில்லை.

எண்ணெயோ கொழுப்போ எதுவானாலும் அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரின் மூலக்கூறோடு பிணைந்திருக்கின்றன. இதைப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல்; அவருடைய ஆய்வு 1823இல் நூலாக வந்தது. கொழுப்போடு காரம் (சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) சேர்ந்தால் அமிலங்கள் சோப்பாகின்றன, கிளிசரின் தனியே விடுபடுகிறது. 100 கிராம் கொழுப்புக்கு ஏறத்தாழ 10 கிராம் கிளிசரின். பெரிய குளியல் சோப்பு ஆலைகள் உப்பு சேர்த்து இதைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்றுவிடும். சவரச் சோப்பு செய்பவர்கள் பலரும் அதை உள்ளேயே விட்டுவைக்கிறார்கள், மேலும் கொஞ்சம் சேர்ப்பதும் உண்டு. ஆக, மங்கலான கட்டியிலும் பெரும்பாலும் கிளிசரின் இருக்கத்தான் செய்யும்.

அப்படியானால் ஒன்று மட்டும் ஏன் ஒளி ஊடுருவுகிறது? சோப்பு இறுகும்போது படிகங்களாக வளர்கிறது. பெரிய படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கட்டி மங்கலாகத் தெரிகிறது. சாராயம், சர்க்கரை, கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் போன்றவை கலந்தால் படிகங்கள் பெரிதாக வளர முடியாது, ஒளி நேராகக் கடந்துவிடும். லண்டனில் ஆண்ட்ரூ பியர்ஸ் 1807இலேயே இப்படியொரு சோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று கடையில் கிடைக்கும் வில்லைகள் பல, உருக்கி அச்சில் ஊற்றும் ஆயத்தக் கலவையிலிருந்து வருபவை. சோப்பின் தூய்மைக்கும் ஒளி ஊடுருவுவதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, சவர நுரையின் வேலை என்ன? முதல் வேலை, முடியோடு தண்ணீரை ஒட்டவைத்திருப்பது. உலர்ந்த முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் தண்ணீரைக் குடித்துப் பருத்து மென்மையாகிவிடும், வெட்ட அதிக விசை வேண்டாம். எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையான முடி, பிளேடை எப்படி மழுங்கடிக்கிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். முடி வளைந்து பிளேடின் விளிம்பைப் பக்கவாட்டில் அழுத்தும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்கிறதாம். இரண்டாவது வேலை, பிளேடு தோலில் வழுக்கிக்கொண்டு போக மெல்லிய படலம் தருவது.

இந்த இரண்டுக்கும் நுரை நிலைத்து நிற்க வேண்டும். குமிழ்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீர்ப் படலம் ஓயாமல் கீழே வடிகிறது. சின்னக் குமிழ்களுக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் அவற்றிலுள்ள காற்று பெரிய குமிழ்களுக்குக் கசிந்து, சின்னவை மறைந்துகொண்டே வருகின்றன. இதைத் தாமதப்படுத்துவது கொழுப்பு அமிலத்தின் நீளம், அதாவது அதன் சங்கிலியில் எத்தனை கார்பன் அணுக்கள் என்பது. தேங்காய் எண்ணெயில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன்கள். அதன் சோப்பு சட்டென்று கரைந்து பெரிய பெரிய குமிழ்களைத் தரும், அதே வேகத்தில் அவை அடங்கிவிடும், தோலும் வறளும். ஸ்டியரிக் அமிலத்துக்கு 18 கார்பன்கள். அதன் சோப்பு மெதுவாகத்தான் கரையும்; ஆனால் படலத்தைத் தடிப்பாக்கிக் குமிழ்களைப் பொடியாகவே வைத்திருக்கும். கடைந்த தயிர் போலத் திரண்டு நிற்கும் நுரை இதிலிருந்துதான் வருகிறது. கிளிசரின் இங்கே துணைக்கு நிற்பது மட்டுமே. மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை) கைகளால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் நுரை காய்வதைத் தள்ளிப்போடுகிறது. கிளிசரினால் தனியாக நுரையை உண்டாக்க முடியாது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் இரண்டு சோப்புகளின் நுரையையும் ஒரே உயரத்துக்கு நிரப்பி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். உருக்கி ஊற்றிய வகையில் அடியில் தெளிந்த தண்ணீர் கோடாகத் தேங்கியிருக்கும், மேலே குமிழ்கள் மிளகளவுக்குப் பெருத்திருக்கும். ஸ்டியரிக் மிகுந்த நுரை ஏறக்குறைய போட்டபடியே இருக்கும், விரலால் கீறினால் கோடு அழியாது.

காரத்துக்கும் பங்கு உண்டு. சோடியம் சேர்ந்த சோப்பு கெட்டியானது, பொட்டாசியம் சேர்ந்தது இளகலானது, எளிதில் கரைவது. ஸ்டியரிக் அமிலத்தோடு சோடியத்தை மட்டும் சேர்த்தால் குழாய்த் தண்ணீரில் கரைய மறுக்கும். அதனால்தான் நல்ல சவரச் சோப்புகளில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. அட்டையின் பின்புறப் பட்டியலில் பொட்டாசியம் ஸ்டியரேட்டோ (ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசியம் சோப்பு), ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுமோ முன்வரிசையில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். புரொப்பிலீன் கிளைக்காலும் சர்க்கரையும் முன்னால் நின்றால், முன்பக்க எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஆனால் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. மங்கலான கட்டி இங்கே எளிதாக நுரைக்கும். அதே கட்டியைச் சென்னைக்கு எடுத்துப்போய் ஆழ்குழாய்த் தண்ணீரில் கலக்கினால், அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியம், சோப்பின் ஸ்டியரேட்டைப் பிடித்துக் கரையாத திப்பியாக்கிவிடும். உருக்கி ஊற்றும் வில்லைகள் பலவற்றில் செயற்கை நுரைப்பொருளும் இருப்பதால் கடினநீரில் அவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஊருக்குப் போகும்போது மட்டும் வில்லையை எடுத்துப் போவது புத்திசாலித்தனம்தான்.

மாட்டுக்கொழுப்பு கூடாது என்பவர்கள் ‘டாலோவேட்’ என்ற சொல்லைத் தேடுங்கள், பன்றிக்கொழுப்புக்கு ‘லார்டேட்’. ஸ்டியரிக் அமிலம், கிளிசரின் என்று மட்டும் போட்டிருந்தால் மூலம் விலங்கா தாவரமா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பன்றிக்கொழுப்பு கூடாது என்பவர்கள் ஹலால் முத்திரையையும், மாட்டுக்கொழுப்பு கூடாது என்பவர்கள் தாவர மூலம் என்ற குறிப்பையும் பார்க்க வேண்டும். பக்கத்து மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளையும் செம்பனையிலிருந்து தயாரிக்கும் ஸ்டியரிக் அமிலம் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. செம்பனை எண்ணெயில் 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம்தான் மிகுதி. அதுவும் நுரையை நன்றாகவே தாங்கும்.

அப்புறம் நம் ஊர் ஈரப்பதம். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குளியலறையில் திறந்துவைத்த கிளிசரின் வில்லைமேல் மறுநாள் முத்து முத்தாக நீர் பூத்திருக்கும். சோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். காற்றிலிருக்கும் ஈரத்தைக் கிளிசரின் இழுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம், பிறகு காற்றுப் புகாத டப்பாவில் குளியலறைக்கு வெளியே வையுங்கள். மங்கலான கெட்டிக் கட்டிக்கு இதற்கு நேர்மாறான பராமரிப்பு: சவரம் முடிந்ததும் ஈரத்தோடு மூடாமல் சில மணி நேரம் திறந்தே உலரவிட்டு, அதன் பிறகு மூடுங்கள்.