சைலன்சர் மாற்றிய பின் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? சென்சாரைத் திட்டுவதற்கு முன்…

பெட்ரோல் காரில் சைலன்சர், ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாய்கள்) வேலை முடிந்து சில நாளில் மைலேஜ் இறங்கும், செக் எஞ்சின் விளக்கு எரியும். "ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) போச்சு" என்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். விளக்கு மறுபடி எரியும். பல வண்டிகளில் சென்சார்மேல் தப்பே இருக்காது. அதற்கு முன்னால் உள்ள கேஸ்கெட்டோ வெல்டிங்கோ கசிந்துகொண்டிருக்கும்.

கசிந்தால் புகை வெளியேதானே போகும், சென்சாருக்கு என்ன வந்தது? புகை ஒரே சீராக வருவதில்லை, துடித்துத் துடித்து வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் குழாயின் அழுத்தம் விழும் நொடியில், அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றின் ஆக்சிஜனைக் கண்டு சென்சார் 'லீன்', அதாவது பெட்ரோல் குறைவு என்கிறது. எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் (இசியு செய்யும் பெட்ரோல் திருத்தம்) பிளஸ்ஸில் ஏறி நிற்பது இதனால்தான். அப்படியே ஓட்டினால் கூடுதல் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைக் கெடுக்கும். எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கக் கசிவும் இதே ரீடிங்கைக் காட்டும் என்பதால் ஊகித்துப் பயனில்லை. வண்டி ஆறியிருக்கும்போது புகைக்குழாய் வாயில் வேக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தை வைத்து, ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரைக்கும் இடத்தில்தான் கோளாறு.

சென்சாரைக் கழற்றும்போது முதலில் அதன் ஒயர் கப்ளரை எடுங்கள், இல்லையென்றால் சென்சாரோடு ஒயரும் முறுக்கிக்கொள்ளும். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கட்டும். ஒயருக்கு வெட்டு விட்ட 22 மிமீ சாக்கெட் வேண்டும், ஓப்பன் ஸ்பேனர் சென்சாரின் அறுகோண மூலைகளை மழுக்கிவிடும். கீழே விழுந்த சென்சாரை மறுபடி மாட்டாதீர்கள். உள்ளே பீங்கான், விரிசல் வெளியே தெரியாது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவையும் கழற்றுங்கள். சென்சார் உட்காரும் வளையத்தின் மரை பெரும்பாலான கார்களில் 18 மிமீ, பிட்ச் 1.5. பற்ற வைக்கும் சூட்டில் இது கோணிக்கொள்ளும். அதனால் பழைய செத்த சென்சார் ஒன்றை அதில் முறுக்கி வைத்துப் பற்றவையுங்கள். வளையம் குழாயின் மேல்பாதியில், படுக்கை மட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே இருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குழாயில் தண்ணீர் கோக்கும். சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் சுட்டுவைத்த பீங்கானில் ஒரு சொட்டு பட்டாலும் விரிசல்தான்.

சாதாரண ஆர்டிவி சிலிக்கான் பசையை ஜாயிண்டில் பூசுவது இன்னொரு வழக்கமான தப்பு. அதன் ஆவி சென்சாரின் முனையில் படிந்து, அதை மந்தமாக்கிவிடும். 'சென்சார் சேஃப்' என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். மரை இறுகிப் பிடிக்காமலிருக்கப் பூசும் ஆன்ட்டி-சீஸ் பசை மரையில் மட்டும், முனையில் படவே கூடாது. புது சென்சாரில் பெரும்பாலும் அது பூசியே வரும். முறுக்கு பொதுவாக 40–50 நியூட்டன் மீட்டர், மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு.

ஒயர் எட்டவில்லை என்று வெட்டிச் சால்டர் வைக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடைவெளி வழியாகத்தான் எடுக்கின்றன, ஈயம் அதை அடைத்துவிடும். இரு பக்கமும் கப்ளர் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒயர் போடுங்கள்.

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் உள்ள இன்னொரு சென்சாருக்கு ஸ்பேசர் (புகையிலிருந்து தள்ளிவைக்கும் துண்டு) வைத்து இசியுவை ஏமாற்றும் வேலை எங்கும் நடக்கிறது. விளக்கு அணையலாம், புகை சுத்தமாகாது. மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

வேலை முடிந்ததும் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி ஸ்கேனரைப் பாருங்கள். சாதாரண ஜிர்கோனியா சென்சார் என்றால் கன்வெர்ட்டருக்கு முன்னது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்க வேண்டும், பின்னது 0.6–0.7 பக்கம் பெரிதாக அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால், கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை.