தாயும் தகப்பனும் பார்வையாளர்கள் அல்லர்

திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வருகிற தகப்பன், குறைமாதப் பிள்ளை இருக்கும் விடுதி வாசலில் முதலில் கேட்பது பிள்ளையின் நிறையை. அடுத்து, "மிஸ், உள்ளே வரலாமா?" என்பார். பெற்ற பிள்ளையைப் பார்க்க அவர் அனுமதி கேட்டு நிற்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நோயுற்ற பிள்ளைக்குக் குடும்பம் மருந்துக்கு நிகரான பலம் என்பதை ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் போனபோது, எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் மார்போடு சேர்த்து வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார். அதுதான் கங்காரு பராமரிப்பு. வசதி இல்லாத இடத்துக்கான மாற்று வழி என்றே அதைப் பலர் எண்ணினார்கள். 2021இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் சேர்த்தபோது, முதல் 28 நாள் மரணங்கள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தன. அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளைகளுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணிநேரம் இப்பராமரிப்பு தரப் பரிந்துரைத்தது.

செய்வது எளிது. பிள்ளைக்கு நாப்கினும் தொப்பியும் காலுறையும் போதும். வெற்று மார்பில் நிமிர்த்தி, கைகால்களைத் தவளைபோல் மடக்கி, மூச்சுக்குத் தடையில்லாமல் தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒருமுறை வைத்தால் ஒரு மணிநேரமாவது அசைக்கக் கூடாது. தாய் ஓய்வெடுக்கும்போது தகப்பன் சேர்ட்டைக் கழற்றிவிட்டு உட்காரலாம். அம்மம்மாவும் செய்யலாம். தகப்பனின் கை முதலில் நடுங்கும். சிறிது நேரத்தில் பிள்ளையின் மூச்சு சீராகும்போது அவருடைய தோளும் தளரும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் படும் மன அழுத்தத்தை அளக்க 1993இல் மார்கரெட் மைல்ஸ் என்ற தாதியியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு வினாக்கொத்தைத் தந்தார்கள். அதைப் பயன்படுத்திய பல ஆய்வுகளில் பெற்றோரை மிகவும் வருத்தியது இயந்திரங்களின் ஒலியன்று. தாயாக, தகப்பனாகத் தாம் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போவதுதான். அப்படியானால் நாப்கின் மாற்றுவதையும் குழாய் வழியே பால் கொடுப்பதையும் தாதிதான் செய்ய வேண்டுமா? அருகில் நின்று, தாய்க்குக் கற்றுக்கொடுத்தால் என்ன?

ஆய்வு செய்யும் தாதியர் சகோதரிகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. சீருடையில் நின்று கேட்டால் நம் தாய்மார் எதற்கும் "பரவாயில்லை, மிஸ்" என்றுதான் சொல்வார்கள். மறுத்தால் பிள்ளையைக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம் அவர்களுக்கு. ஆய்வில் சேராவிட்டாலும் சிகிச்சை குறையாது என்பதை முதலிலேயே, அவர்கள் மொழியில் சொல்லுங்கள். தமிழும் சிங்களமும் பேசும் மாவட்டம் இது. பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ வினாக்கொத்தின் 10ஆம் கேள்வி, தனக்கே தீங்கு செய்யும் எண்ணம் பற்றியது. அதை மைத்துனரை மொழிபெயர்க்க வைத்துக் கேட்டால் எந்தப் பெண் உண்மை சொல்வாள்? மாமியார் அருகில் இல்லாத நேரத்தில், கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் பிள்ளையை வளர்ப்பவர் அம்மம்மா அல்லது உம்மம்மா. ஆஸ்துமா பிள்ளைக்கு இன்ஹேலர் பயன்படுத்தும் முறையை அவருக்குத்தான் காட்ட வேண்டும். காட்டியபின் அவரையே ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பெற்றோரே, வீட்டுக்குப் போகுமுன் உங்கள் சந்தேகங்களைக் கேட்டுத் தீருங்கள். வீட்டில் முதலில் மாற்றத்தைக் காண்பவர்கள் நீங்கள்தான். இரண்டு மாதம் நிறையாத குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் குளிர்ந்தால், வலிப்பு வந்தால், அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவாக இருந்தாலும் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.