லந்து கப்பலேறி வந்ததா?

“என்ன, லந்தா?” மதுரைக்காரர் இப்படிக் கேட்டால் அதில் பாதி சிரிப்பு, பாதி எச்சரிக்கை. விளையாட்டுச் சீண்டலோடு கொஞ்சம் திமிரும் சேர்ந்த இந்தச் சொல் ‘ஹாலந்து’ என்பதிலிருந்து வந்ததா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

ஹாலந்து நாட்டவரான டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1825இல் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆக, சொல் வந்துசேர வாய்ப்பு இருந்தது. ஆனால் ஒலி ஒத்துப்போக வேண்டுமே!

சொல் ‘ல’வில் தொடங்காது என்பது தொல்காப்பிய விதி. உடனே லந்து அயல்சொல்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பேச்சில் முதல் உயிர் கழன்று விழுவதுண்டு: இரண்டு ரெண்டாகிறது, உலாத்து லாத்தாகிறது. விழுவது எது என்று பாருங்கள். தனிக் குறில், ஒரே மாத்திரை. அடுத்த அசை ‘ரண்’, ‘லாத்’ என்று கனமாக இருப்பதால் அழுத்தம் அங்கே போய்விடுகிறது. முன்னால் நிற்கும் இ, உ தேய்ந்து மறைகிறது. இந்த நுட்பம்தான் எனக்கு அலுக்காதது.

இப்போது ‘ஹாலந்து’. முதலெழுத்து நெடில், இரண்டு மாத்திரை; அது லேசில் கழலாது. சரி, பழைய வடிவமான ‘ஒல்லாந்து’? ‘ஒல்’ ஒற்றடுத்த அசை, அதுவும் கனம்தான். எப்படியோ விழுந்தது என்றே வைத்துக்கொண்டாலும் மிஞ்சுவது ‘லாந்து’, லந்து அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த லாந்தர் விளக்கு இன்றும் நெடிலோடுதான் இருக்கிறது. ‘லந்தர்’ என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்து பொருள். இதற்குக் ‘கிண்டல்’ நல்ல உரைகல். கேப்பைக் களியைத் துடுப்பால் கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும். கிண்டினால் அடியில் கிடப்பது மேலே வரும். ஒருவர் மறைத்து வைத்திருப்பதைப் பேசவைப்பது ‘வாயைக் கிண்டுவது’. அங்கிருந்து கிண்டலுக்கு ஓர் எட்டுதான். நடுப்படி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ‘கேலி’க்கும் அப்படியே: வடமொழியில் அதற்கு விளையாட்டு என்றே பொருள். ஒரு நாட்டின் பெயர் சீண்டலாக மாற நடுவில் என்ன இருந்தது? ஹாலந்துக் கட்சிக்காரர்கள் காட்டட்டும்.

ஒலி ஒத்தால் உறவு என்பது சொல்லுக்கு ஜோசியம் பார்ப்பது. அதில் செலவாகும் உற்சாகத்தில் கால்வாசியாவது வட்டார வழக்குகளை ஒலிப்பதிவு செய்யப் போனால் தேவலை. பழைய ஓலையிலோ கடிதத்திலோ இதே பொருளில் ‘லாந்து’ என்று நெடிலோடு ஒரு வரி கிடைக்கட்டும், நான் கட்சி மாறிவிடுகிறேன்.