முறிகுணம்: ஹைட்ரஜன் ஏறிய எஃகுக்கு ஒரு சொல்

திருவொற்றியூர் பக்கத்துப் பட்டறைகளில் தடித்த பிளேட்டைப் பற்றவைக்கும்போது 7018 என்ற வெல்டிங் ராடைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே அடிக்க விடமாட்டார்கள். முதலில் ஓவனில் 300 டிகிரிக்கு மேல் ஓரிரு மணி நேரம் காய வேண்டும். "கடல் காத்துல ராடு ஈரம் இழுத்திருக்கும்பா. இப்படியே அடிச்சா நாளைக்கு ஜாயிண்ட் கிராக் விட்டுடும்" என்பார் மூத்த வெல்டர்.

நாளைக்கு என்று அவர் சொல்வது கணக்காகச் சரி. ஈரத்திலிருக்கும் ஹைட்ரஜன், வெல்டிங் சூட்டில் தனித்தனி அணுவாகப் பிரிந்து, உருகிய இரும்பில் கரைந்துவிடும். இரும்பு ஆறிய பிறகும் அது உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். இழுவிசை அதிகமுள்ள இடத்தில் போய்ச் சேரும். வளைந்து கொடுக்க வேண்டிய எஃகு, பல மணி நேரமோ சில நாளோ கழித்து, பீங்கான் மாதிரி பட்டென்று முறியும். இதைத்தான் ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட் என்கிறார்கள்.

ஹைட்ரஜன் என்பதற்கு 'நீரைப் பிறப்பிப்பது' என்று பொருள். கிரேக்க வேர்களிலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே அமைத்த பெயர். பிரிட்டில் என்பது 'உடை' என்னும் பொருள்கொண்ட பழைய ஆங்கில வேரிலிருந்து வந்தது. கோளாறை முதலில் தெளிவாகப் பதிவு செய்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஜான்சன், 1875இல். அமிலத்தில் சில நிமிடம் ஊறிய இரும்புக் கம்பி வளைக்கும்போதே ஒடிந்தது; சும்மா விட்டுவைத்தால் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். தமிழ்ச் சொல்லும் இதற்கு இடம் தர வேண்டும்.

'நொறுங்கும் தன்மை' என்று எழுதுவதுண்டு. ஆனால் நொறுங்குவது அப்பளம், பல துண்டாகும். ஹைட்ரஜன் ஏறிய போல்ட் இரண்டாகத்தான் முறிகிறது. 'உளுத்தல்' நெருங்கி வருகிறது, வெளியே தெரியாமல் உள்ளே கெடுவதால். ஆனால் உளுத்த மரம் திரும்பாது. 'முறிவு' என்றால் நடந்து முடிந்த உடைப்பு. அதனால் நான் 'முறிகுணம்' என்கிறேன். இரும்பில் துரு ஏறுகிறது என்கிறோமே, அதேபோல முறிகுணம் ஏறுகிறது என்று சொல்லலாம். விரிசல் விழுவதற்கு முன்பே சூடேற்றினால் இறங்குகிறது என்றும் சொல்லலாம். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் ஏறிவிட்ட உறுதியான போல்ட்டுகளை 200 டிகிரி அளவில் பல மணி நேரம் ஓவனில் வைப்பது இதை இறக்கத்தான்.

வலிமை கூடக்கூட இந்தக் குணம் எளிதில் ஏறும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பாலத்தில் 2013இல் 96 நங்கூரக் கம்பிகளை இழுத்து இறுக்கினார்கள். சில நாளிலேயே 32 முறிந்தன. நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு நன்றாகத் தாங்கும், ஆனால் நிக்கல் விலை அதிகம். ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டுபோகும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயை அதில் போட முடியாது.

அப்புறம் என்ன வழி? சாதாரண எஃகிலேயே நயோபியம், வனேடியம், டைட்டானியம் ஆகியவற்றில் ஒன்றைத் துளியளவு சேர்ப்பது. அவை கார்பனோடு கூடி மிக நுண்ணிய துகள்களாகும். ஓடித்திரியும் ஹைட்ரஜன் அவற்றில் சிக்கிக்கொள்ளும். இவற்றுக்கு ஆங்கிலத்தில் ட்ராப் என்று பெயர். தமிழில் 'கண்ணி' என்றே சொல்லிவிடலாம், பறவை பிடிக்கிற அதே கண்ணி. நயோபியம் கார்பைடுத் துகளில் ஹைட்ரஜன் இப்படிச் சிக்கியிருப்பதை 2020இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அணு அளவிலேயே படமெடுத்தார்கள். நிக்கலுக்குப் பதில் மாங்கனீசு சேர்த்துப் பார்ப்பது இன்னொரு பாதை.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். இனி இந்த வாயுவுக்கான குழாயும் வால்வும் வடசென்னைப் பட்டறைகளுக்கும் வேலையாக வரலாம். அப்போது வெல்டிங் படிக்க வரும் பையனிடம், "ராடைக் காயவைடா, முறிகுணம் ஏறிடும்" என்று சொன்னால் போதும், அவனுக்குப் புரியும்.