அடுக்கு இனிப்பில் நட்ஸ் நமத்துப்போவது ஏன்?

கண்ணாடிக் கோப்பையின் அடியில் வறுத்த நட்ஸ், அதன்மேல் கேரமல், அதற்கும் மேலே கேரமல் கலந்து அடித்த கிரீம். செய்த கையோடு சாப்பிட்டால் இது யார் செய்தாலும் நன்றாகத்தான் இருக்கும். விருந்தாளிகள் வருவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே செய்து ஃபிரிட்ஜில் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நட்ஸ் நமத்துவிடும். கிரீமின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசியும். பளிச்சென்று தெரிந்த அடுக்குக் கோடு கலங்கிவிடும். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தண்ணீர் இடம் மாறுகிறது.

35 சதவீதம் கொழுப்புள்ள கிரீமில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். நன்றாக வறுத்த பாதாமில் அது இரண்டு மூன்று சதவீதம்தான். ஆனால் ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கட்டுப்படாமல் இருக்கிறது என்பதே முக்கியம். இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிப்பார்கள். தூய நீருக்கு இதன் மதிப்பு 1. கிரீம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. கேரமலில் உள்ள நீரைச் சர்க்கரை இறுகப் பிடித்து வைத்திருப்பதால் அதன் மதிப்பு குறைவு. வறுத்த நட்ஸுக்கு இன்னும் குறைவு. மதிப்பு அதிகமுள்ள அடுக்கிலிருந்து குறைவான அடுக்குக்கு நீர் போய்க்கொண்டே இருக்கும். அதை முழுதாக நிறுத்த முடியாது. விருந்து முடியும்வரை தாமதப்படுத்தலாம். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

200 மில்லி கொள்ளும் எட்டுக் கோப்பைக்கான அளவு இது. பாதாம், வால்நட் இரண்டும் சேர்த்து 200 கிராம், வெள்ளைச் சாக்லேட் 45 கிராம். கேரமலுக்குச் சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 60 மில்லி, கிரீம் 200 மில்லி, வெண்ணெய் 60 கிராம், உப்பு 3 கிராம், கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. அடித்துச் சேர்க்க இன்னொரு 400 மில்லி கிரீம், அதை இறுக வைக்க 4 கிராம் ஜெலட்டின் (விலங்குகளிலிருந்து எடுப்பது). விருந்துக்கு அழைக்கும்போதே நட்ஸ் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று கேட்டுவிடுங்கள். இதில் நட்ஸை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட வழியில்லை.

முதலில் நட்ஸ். ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் பாதாமுக்கு 10 முதல் 12 நிமிடம், வால்நட்டுக்கு 8 நிமிடம். இரண்டையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். வால்நட்டில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம், அது சீக்கிரம் தீய்ந்து கசக்கும். சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்து ‘இன்னும் மொறுமொறுப்பு வரவில்லை’ என்று மேலும் வறுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே இன்னும் நீராவி இருக்கிறது, கொழுப்பு உருகிய நிலையில் இருக்கிறது. அதனால்தான் மெத்தென்று இருக்கிறது. முழுதாக ஆறியதும் தானாக மொறுமொறுக்கும். வால்நட்டைச் சூடாக இருக்கும்போதே துணியில் வைத்துத் தேய்த்துத் தோலை இயன்றவரை நீக்குங்கள். கசப்பும் துவர்ப்பும் பெரும்பாலும் அந்தத் தோலில்தான்.

ஆறிய பிறகு அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிச் சலித்து, தூளை ஒதுக்கிவிடுங்கள். தூளின் பரப்பு அதிகம் என்பதால் அதுதான் முதலில் ஈரத்தை உறிஞ்சும். பிறகு உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை ஊற்றி, ஒவ்வொரு துண்டின்மேலும் மெல்லிய பூச்சு ஏறும்வரை கிளறிக் காகிதத்தில் பரப்புங்கள். இறுகிய கோகோ கொழுப்பு வழியே நீர் மிக மெதுவாகத்தான் ஊடுருவும். பலர் இந்த இடத்தில் நட்ஸின்மேல் சர்க்கரைப் பாகைப் பூசி இறுக வைப்பார்கள். கோப்பைக்குள் போகும் நட்ஸுக்கு அது உதவாது. உருகி இறுகிய சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தையே இழுக்கும். கிரீமைத் தொட்டால் சில மணி நேரத்தில் கரைந்து பிசுபிசுத்துவிடும். அதைப் பரிமாறும் நேரத்தில் மேலே தூவ வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கேரமல். இனிப்பின் சுவை முழுக்க இதில்தான் இருக்கிறது, தவறுகளும் இங்கேதான் அதிகம். அடிகனமான, உட்புறம் வெளிர் நிறமுள்ள பாத்திரத்தில் சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். சர்க்கரை கரையும்வரை கிளறலாம். கொதி வந்தபின் கரண்டியை வைக்கவே கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரைத் துகள் பாகில் விழுந்தாலே, மற்ற மூலக்கூறுகள் அதைச் சுற்றி வரிசையாக ஒட்டிக்கொள்ளும். மொத்தப் பாகும் வெள்ளையாகப் பூத்துவிடும். ஓரத்தை ஈரத் தூரிகையால் வழித்துவிடுவது இதற்காகவே. எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையில் ஒரு பங்கை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது. வடிவம் வேறான இந்த மூலக்கூறுகள் இடையில் நிற்பதால் படிகம் சீராக வளர முடியாது. அப்படியும் பூத்துவிட்டால் கீழே கொட்ட வேண்டாம். அரை கப் தண்ணீர் ஊற்றி முழுதாகக் கரைத்து மறுபடி காய்ச்சலாம்.

கொதியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் இருக்கும்வரை குமிழிகள் சிறிதாக, வேகமாக வெடிக்கும். நீர் வற்ற வற்ற அவை பெரிதாகி, சோம்பலாக எழும்பும். 160 டிகிரியைத் தாண்டியதும் ஓரத்தில் வைக்கோல் நிறம் தெரியும். இனி நடப்பது வெறும் உருகல் இல்லை. சர்க்கரை மூலக்கூறுகள் நீரை இழந்து, உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து புதிய சேர்மங்கள் உருவாகின்றன. வெண்ணெய் மணம் தரும் டைஅசெட்டைல், கருகலை நினைவூட்டும் இனிய மணமுள்ள மால்ட்டால், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகள் எல்லாம் இங்கே பிறப்பவை. நேரம் கூடக் கூட இனிப்பு குறைந்து கசப்பு ஏறும். கிரீமோடு சேரப்போகும் கேரமல் கொஞ்சம் கசப்பை எட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; வெளிர் மஞ்சளில் நிறுத்தினால் கிரீம் கலந்ததும் வெறும் தித்திப்புதான் மிஞ்சும். 175 டிகிரியில், வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டால் செம்பழுப்பாகத் தெரியும்போது அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தின் சூட்டிலேயே அது இன்னும் சில டிகிரி ஏறும். மெல்லிய புகை எழுந்தால் கருகத் தொடங்கிவிட்டது, அதைக் காப்பாற்ற முடியாது.

இதற்குள் 200 மில்லி கிரீமை இன்னொரு பாத்திரத்தில் ஆவி பறக்கும்வரை சூடாக்கி வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த கிரீமை ஊற்றினால் பாகு சட்டென்று கண்ணாடிபோல் இறுகிக் கட்டி தட்டும். சூடான கிரீமும் பொங்கத்தான் செய்யும். 100 டிகிரியில் ஆவியாகும் நீர் அதைவிட 70 டிகிரிக்கும் அதிகமான சூட்டைத் தொடுகிறது. ஆகவே பாத்திரம் மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும், கிரீமை நான்கைந்து தடவையாக ஊற்றுங்கள், முகத்தை விலக்கி வையுங்கள். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடுவதால் கொதிநீரைவிடக் கடுமையான புண் ஆகும்.

கிரீம் சேர்ந்ததும் இன்னொரு வேதிவினை தொடங்குகிறது. பாலின் புரதமும் சர்க்கரைகளும் வினைபுரிந்து டாஃபி மணத்தைத் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமி மயார் 1912-இல் விவரித்த வினை இது. ஓவனில் நட்ஸ் வறுபட்டபோது நடந்ததும் இதுதான். நட்ஸும் கேரமலும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருந்துவதற்கு இந்தப் பொது வேரும் ஒரு காரணம்.

கலவையை மறுபடி அடுப்பேற்றி 107 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு உடனே மூடாவிட்டால் பதம் சரி. நீர் அதிகம் தங்கிய தளர்ந்த கேரமல்தான் பின்னால் கசியும். உப்பைச் சேர்த்து, 45 டிகிரிக்கு ஆறியபின் வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு விஸ்க்கால் அடியுங்கள். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். மொத்தம் சுமார் 420 கிராம் கிடைக்கும்.

இதில் 180 கிராமைத் தனியே எடுங்கள். 4 கிராம் ஜெலட்டினை 24 மில்லி குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்த 180 கிராமை 55 டிகிரிக்குச் சூடாக்கி, ஜெலட்டினை அதில் கரைத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் ஜெலட்டினின் இறுகும் திறன் குறைந்துவிடும். சைவமாகச் செய்ய, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் அகர் போடலாமே என்று தோன்றும். அது 35 முதல் 40 டிகிரியிலேயே இறுகிவிடும்; குளிர்ந்த கிரீமைத் தொட்ட கணமே மணல்போல் கட்டிகட்டியாகும். அதைவிட, 100 மில்லி பாலில் 10 கிராம் சோளமாவைக் கரைத்து, கொதித்த பிறகும் ஒரு நிமிடம் கிளறி, ஆறவைத்துக் கேரமலில் சேர்ப்பது நல்லது.

மீதி 400 மில்லி கிரீம், கிண்ணம், பீட்டரின் கம்பி எல்லாம் 5 டிகிரியில் இருக்கட்டும். அடிக்கும்போது கொழுப்புருண்டைகளின் மேலுறை கிழிந்து, அவை பாதி ஒட்டிப் பாதி ஒட்டாமல் காற்றுக்குமிழிகளைச் சுற்றி வேலி கட்டுகின்றன. கொழுப்பின் ஒரு பகுதி திடமாக இருந்தால்தான் இந்த வேலி நிற்கும். 30 சதவீதத்துக்குக் குறைவான கொழுப்புள்ள கிரீமில் வேலி கட்டப் போதிய ஆள் இல்லை. கம்பியைத் தூக்கினால் நுனி மெதுவாக வளையும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் சொரசொரப்பாகி, பிறகு வெண்ணெய் திரண்டு நீர் பிரியும்.

ஜெலட்டின் சேர்த்த கேரமல் 27 டிகிரிக்கு வந்ததும் கலக்க வேண்டும். 40 டிகிரியில் ஊற்றினால் கொழுப்பு உருகி நுரை அமுங்கும். 20-க்குக் கீழே போனால் கேரமல் நூல்நூலாக நிற்கும். முதலில் மூன்றில் ஒரு பங்கு கிரீமைக் கேரமலில் போட்டுத் தயங்காமல் கலக்கி இளக்குங்கள். மீதியை அடியிலிருந்து மேலாக மெதுவாக மடித்துச் சேருங்கள்.

அடுக்கும் வரிசையில் ஒரு விதி: நட்ஸும் கிரீமும் நேராகத் தொடக்கூடாது, இடையில் கேரமல் வேண்டும். கோப்பைக்கு 18 கிராம் நட்ஸ், அதை மூடும்படி 20 கிராம் கேரமல், 40 கிராம் கிரீம். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து இறுகியபின் 12 கிராம் நட்ஸ், 10 கிராம் கேரமல், மீதிக் கிரீம். இரண்டாம் சுற்றில் நட்ஸின் அடிப்புறம் மட்டும் கிரீமைத் தொடும். அங்கே சாக்லேட் பூச்சுதான் காவல். கேரமல் கிரீமைவிட அடர்த்தி அதிகம் என்பதால் ஒரே இடத்தில் கொட்டினால் துளைத்துக்கொண்டு கீழே போகும். பையில் நிரப்பி, ஓரத்திலிருந்து நடுவாக மெல்லிய கோடுகளாகப் பிழியுங்கள்.

கேரமலையும் நட்ஸையும் முதல் நாளே செய்து வைக்கலாம். நட்ஸ் காற்றுப் புகாத டப்பாவில் இருக்க வேண்டும். அடுக்குவது மட்டும் பரிமாறுவதற்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் முன்பு. ஃபிரிட்ஜில் கோப்பைகளை மூடி வையுங்கள், கிரீம் பக்கத்திலுள்ள வாசனைகளைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். கடும் குளிரில் மணமும் இனிப்பும் மங்கலாகத் தெரிவதால் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். அறை 30 டிகிரிக்கு மேல் இருந்தால் ஐந்து நிமிடம் போதும். பாகில் இறுக வைத்த நட்ஸ் நொறுக்கைக் கோப்பை மேசைக்குப் போகும்போது தூவுங்கள். மிச்சமானதை மறுநாளுக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த கோப்பையைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.